பொறியினுட் பொறி

தாம்பரத்தினின்று முடிச்சூர் வழியே மேற்கு நோக்கிச் செல்வார்க்குப் படப்பை என்னும் ஊர் இடைவழியில் எதிர்ப்படும். ஏரியும் நெல்வயலும் சூழ்ந்திருந்த அவ்வூர், இந்நாளில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் முதலிய தொழிற்பேட்டைகளுக்கு வாயிலாய் அமைந்துவிட்டது. வண்டலூர்–வாலாஜாபாத் நெடுஞ்சாலையில் ஒரு நாழிகை நின்று நோக்குவார், பெரிய இரும்புப் பெட்டிகளைச் சுமந்த நெடிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்வதைக் காணலாம். நம் கல்லூரியிற் பயின்று வெளியேறும் மாணவருள் பலர் இச்சாலையைச் சார்ந்த ஆலைகளிலும் பட்டறைகளிலுமே உத்தியோகம் பெறுகின்றனர். ஆதலின் அவ்விடத்து நிகழ்வதொன்று நமக்குப் புறம்பானதன்று என்னும் எண்ணத்தோடு இதனை எழுதப் புகுந்தோம்.

படப்பை என்னுஞ் சொல்லுக்கு வீட்டை அடுத்த தோட்டம், கொல்லை, வேலியடைத்த நிலம் என்பனவற்றைப் பொருளாகக் கூறுவர். பழந்தமிழ் நூல்களிலும் அச்சொல் தோட்டம் என்னும் பொருளில் வழங்கியதே. ஊருக்கு அப்பெயர் வந்த வரலாற்றை ஆராய்தல் ஈண்டு எம் கருத்தன்று. அதனைத் தமிழ்த்துறையினர்க்கே விட்டுவிடுகின்றோம். ஆயினும் யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு அச்சொல்லினும் பொருத்தமான தமிழ்ச்சொல் பிறிதொன்று உண்டோ என்னும் ஐயம் எமக்கு எழுந்தது. அதன் காரணம் போகப்போக விளங்கும்.

சென்ற தை மாதத்தில் எம் பழைய மாணவர் ஒருவர் நடத்திவரும் பட்டறையைக் காணச் சென்றோம். மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய சிறு உறுப்புக்களைக் கடைந்து, அளந்து, பெரிய ஆலைகளுக்கு அனுப்புவது அவர் தொழில். அளப்பதற்குப் பயன்படுவது சி.எம்.எம். எனத் தொழிலாளர் வழங்கும் ஓர் அளவைப்பொறி. வழவழப்பான கருங்கல் மேடையின்மீது நுண்ணிய முள்ளொன்று இறங்கி, உறுப்பின் பல இடங்களையும் தொட்டுத் தொட்டு, மயிரிழையின் சிறு கூறளவும் பிழையாது அளவு கூறும். அப்பொறி நல்ல நிலையிலேயே இருந்தது. அதனை ஆட்டுவிக்கும் கணிப்பொறியோ தள்ளாத வயதினது. அதனுள் இயங்குவது விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு பேணுதலை நிறுத்திவிட்ட இயங்குதளம் அது. பெட்டியைத் திறந்து காட்டினார். மின்தேக்கிகள் இரண்டு வயிறு உப்பியிருந்தன. உள்ளே சுழலும் வட்டு அவ்வப்போது கரகரவென்று ஒலித்தது.

பொறியை விற்றவரிடம் கேட்டபோது, அந்த மென்பொருள் புதிய விண்டோஸில் இயங்காது என்றும், புதிய அளவைப்பொறி வாங்குவதே வழி என்றும் விடை வந்ததாம். புதியதன் விலை அப்பட்டறையின் ஓராண்டு இலாபத்தை விழுங்கத்தக்கது. எம் மாணவர் ஒரு வாரம் இரவில் விழித்திருந்து வேறொரு வழி கண்டார். பழைய வட்டில் உள்ளனவற்றையெல்லாம் அப்படியே ஒரே கோப்பாகப் படியெடுத்தார். லினக்ஸ் இயங்கும் ஒரு புதிய கணிப்பொறியில், டாக்கர் என்னும் கருவியால் ஒரு கொள்கலம் அமைத்து, அக்கோப்பை அதனுள் வைத்து இயக்கினார். "ஐயா, இங்கே பாருங்கள்" என்று அவர் உலாவியில் ஒரு முகவரியைத் தட்டினார். திரையின் ஒரு சாளரத்துள் பச்சைக் குன்றும் நீலவானும் கூடிய அந்தப் பழைய எக்ஸ்பி முகப்பு எழுந்தது. இருபது ஆண்டுக்கு முன் எமது மேசைமேல் இருந்த அதே குன்று. அதனைக் கண்டவுடன் எமக்குண்டான உவகை ஒரு பேராசிரியருக்கு அடுத்ததன்று என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

ஆயினும் அவ்வுவகை முழுதும் நிலைக்கவில்லை. பழைய அளவைக் குறிப்புக்கள் அனைத்தும் திறந்தன. புதிய உறுப்புக்கு அளவை நிரல் எழுதிச் சேமிக்கவும் முடிந்தது. ஆனால் அளவைப்பொறியை நேரே ஆட்டுவிக்க முடியவில்லை. அதற்குரிய மின்னட்டை பழைய பெட்டியின் பழைய வகைத் துளையிற் செருகப்பட்டது; அத்தகைய துளை புதிய கணிப்பொறியில் இல்லை. எக்ஸ்பி தான் ஒரு பொய்யுடலில் குடியிருப்பதை அறியாது அட்டையைத் தேடிக்கொண்டே இருந்தது. தொடர்முனைக் கம்பியால் இணையும் கருவியாயின், சிறு இடைக்கருவி கொண்டு வெளியிலிருந்து உள்ளே சேர்த்துவிடலாம். யூஎஸ்பி முனையில் செருகும் உரிமச் சாவியையும் பெரும்பாலும் அங்ஙனம் சேர்க்கலாம். உள்ளட்டைக்கு அது செல்லாது. ஆகவே இன்றும் அளப்பது அந்த உப்பிய வயிற்றுக் கிழப்பெட்டியே. அது மூச்சை விடும் நாளில் அளவை நிற்கும். ஆனால் பதினைந்து ஆண்டுக் குறிப்புக்கள் அதனோடு மாளமாட்டா.

அக்குறிப்புக்களின் அருமை தொழிலறியாதார்க்கு விளங்காது. மோட்டார்த் தொழிலுக்குரிய ஐஏடிஎப் 16949 என்னும் தரநெறி, ஓர் உறுப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கான ஆவணங்களை, அவ்வுறுப்பு உற்பத்திக்கும் பழுதுபார்ப்புக்கும் தேவைப்படும் காலம் முழுதும், அதற்குமேல் ஓராண்டும் காத்துவைக்கவேண்டும் என்கின்றது. ஒரு வண்டியின் உறுப்பு எத்தனை ஆண்டு விற்பனையில் நிற்கும் என்பதை எண்ணிப் பார்ப்பார்க்கு, கணிப்பொறியின் ஆயுள் ஆவணத்தின் ஆயுளினும் குறுகியது என்பது புலனாகும்.

நிற்க. இவ்வித்தை எத்தகையது என்பதை வணிகவியலும் தமிழும் பயிலும் மாணவர்க்கும் விளங்குமாறு சிறிது கூறுவோம்.

ஒரு கணிப்பொறிக்குள் இன்னொரு கணிப்பொறி இருப்பதாகப் பாவனை செய்தல் புதிய கற்பனையன்று. 1960-களில் ஐபிஎம் நிறுவனத்தார் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் வைத்திருந்த ஆய்வுக்கூடத்தில் அது தோன்றியது. அந்நாளில் ஒரு கணிப்பொறி ஓர் அறையை நிறைக்கும். அதன் விலை அரசாங்கங்களும் பெருநிறுவனங்களும் மட்டுமே தாங்கத்தக்கது. ஒன்றைப் பலர்க்குப் பகிர்ந்து, ஒவ்வொருவரும் தமக்கே முழுப்பொறியும் உரியதென்று எண்ணுமாறு செய்தல் அவர்தம் நோக்கம். 1972-இல் அஃது விஎம்/370 என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. 1974-இல் போபெக், கோல்டுபர்க் என்னும் இருவர், எத்தகைய பொறி இங்ஙனம் பகிரத்தக்கது என்பதற்கு இலக்கணம் வகுத்தனர். நம் மேசைமேல் உள்ள சிறு கணிப்பொறிகளின் சில்லுகள் நெடுங்காலம் அவ்விலக்கணத்துக்கு அடங்காதனவாகவே இருந்தன. விஎம்வேர் நிறுவனத்தார் 1999-இல் சூழ்ச்சியால் அத்தடையைக் கடந்தனர். 2005-இல் இன்டெலும், அடுத்த ஆண்டில் ஏஎம்டியும் சில்லுக்குள்ளேயே அவ்வசதியை அமைத்தன. 2007-இல் கேவிஎம் என்னும் பகுதி லினக்ஸின் உட்கருவிற் சேர்ந்தது. அன்றுதொட்டு நாலாயிரம் ரூபாய்க்கு விற்கும் பழங்கணிப்பொறியிலும் இவ்வித்தை கைகூடுகின்றது.

இதற்கு மெய்நிகர் பொறி என்று பெயர். கொள்கலம் என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். ஆசிரியருள்ளும் அத்தகையோர் உளர். மெய்நிகர் பொறி ஒரு தனி வீடு. தனக்கெனக் கிணறும் அடுப்பும் உடையது, அதாவது தன் இயங்குதளத்தின் உட்கருவைத் தானே கொண்டது. கொள்கலமோ ஒரே வீட்டிற் பல குடித்தனம். அறைகள் தனித்தனி, கிணறு ஒன்றே. 1979-இல் யூனிக்ஸில் தோன்றிய சிறு ஏற்பாடு ஒன்றும், 2000-ஆம் ஆண்டில் பிரீபிஎஸ்டியில் சிறைச்சாலை என்னும் பெயரோடு வந்ததும் இதன் முன்னோர். 2008-இல் லினக்ஸ் தன் குடித்தனக்காரர்க்கு நினைவகமும் கணிப்பு நேரமும் இவ்வளவு இவ்வளவு என்று அளந்து கொடுக்கக் கற்றது. 2013-இல் டாக்கர் வெளிவந்து அதனை எளிதாக்கிற்று.

டாக்கர் என்னும் பெயர் துறைமுகத் தொழிலாளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். 1956 ஏப்ரலில் ஐடியல்-எக்ஸ் என்னும் கப்பல் 58 இரும்புப் பெட்டிகளைச் சுமந்து நியூவார்க்கினின்று ஹூஸ்டனுக்குச் சென்றது. அப்பெட்டிகள் பிற்காலத்தில் ஒரே அளவினவாக வகுக்கப்பட்டன. உள்ளிருப்பது தேங்காய் நாரோ, மோட்டார் உறுப்போ, கப்பலுக்கும் பாரந்தூக்கிக்கும் லாரிக்கும் கவலையில்லை. பெட்டியின் புறம் ஒரே அளவினதாய் இருத்தல் போதும். படப்பைச் சாலையில் நாடோறும் ஓடும் பெட்டிகளின் வரலாறும் டாக்கரின் தத்துவமும் இதுவே.

இவ்விடத்து நுண்ணறிவுடைய மாணவர் ஒரு வினா எழுப்புதல் கூடும். குடித்தனக்காரர் அனைவர்க்கும் கிணறு ஒன்றே என்றீர், அக்கிணறு லினக்ஸ், அந்நீரை விண்டோஸ் பருகாதே, பின் விண்டோஸ் கொள்கலத்துள் வாழ்வது எங்ஙனம்? வினா முற்றிலும் சரியானது. உண்மையில் அக்கொள்கலத்துள் இருப்பது விண்டோஸ் அன்று. கியூஎமு என்னும் பொறிப்போலி. பாப்ரிஸ் பெல்லார்டு என்னும் பிரெஞ்சுக்காரர் 2003-இல் வெளியிட்டது அது. அதற்குள்ளே, கேவிஎம் வாயிலாகச் சில்லின் வலிமையைப் பெற்று, விண்டோஸ் ஒரு முழு வீடாக அமர்ந்திருக்கின்றது. வேலியடைத்த தோட்டத்துள் ஒரு வீடு. சிறைச்சாலை என்று ஆங்கிலத்திற் பெயரிட்டதற்கு யாம் படப்பை என்றே பெயரிடுவோம்.

வீடு தனியே இருக்கத்தக்கதாயின் வேலி எதற்கு என்று மேலும் கேட்பார்க்கு எம் விடை இது. மெய்நிகர் பொறி ஒன்றைக் கையால் அமைப்பவர் நூறு சிறு தெரிவுகளைச் செய்தல் வேண்டும். மறுமுறை அமைக்கும்போது பாதி மறந்துபோம். கொள்கலமாயின் அத்தெரிவுகளனைத்தும் இருபது முப்பது வரியுள்ள ஓர் உரைக்கோப்பில் அடங்கிவிடும். எத்துணை நினைவகம், எத்துணை வட்டு, எந்த வாயில் திறந்திருத்தல் வேண்டும், எது மூடியிருத்தல் வேண்டும் என்பன அதில் எழுதியிருக்கும். மாணவர் அதனைப் படிக்கலாம், பிழை காணலாம், நண்பர்க்கு அஞ்சலில் அனுப்பலாம், வேண்டாதபோது புரப்போனாகிய லினக்ஸுக்கு ஊறின்றி அகற்றலாம். எம் பட்டறை மாணவர் ஒரு வாரம் விழித்திருந்து அறிந்தது, அவருடைய கணக்கர் படித்துப் பார்க்கத்தக்க எழுத்தாக நின்றுவிட்டது.

இனி எம் அபிப்பிராயத்துக்கு வருவோம். 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்குரிய பேணுதல் பொதுவாக முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏறுவதற்கு டிபிஎம் 2.0 என்னும் காப்புச்சில்லும், பெரும்பாலும் 2017-க்குப் பிற்பட்ட செயலியும் வேண்டும். நம் ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறிகளுள் பல அவ்வரம்புக்கு இப்பாலே நின்றுவிட்டன. அவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் புதியன வாங்கவேண்டும் என்று ஒரு சாராரும், அவற்றிலேயே லினக்ஸ் நிறுவி விண்டோஸையே மறந்துவிடலாம் என்று மற்றொரு சாராரும் வழக்காடுகின்றனர். இருசாராரும் பொருளின் ஒரு பாகத்தையே நோக்குகின்றனர் என்பது எம் துணிபு.

லினக்ஸ் நிறுவுதல் நன்றே. சென்னைச் சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் தமிழ் இடைமுகத்தோடு இருப்பதை நம்மவர் அறிவர். 2011-இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸும் பாஸும் ஒருங்கே நிறுவப்பட்டன. ஆனால் இரண்டுள் ஒன்றையே ஒரு நேரத்தில் இயக்க முடியும். மற்றொன்றுக்குச் செல்ல வேண்டின் பொறியை நிறுத்தி மீண்டும் எழுப்புதல் வேண்டும். எமக்குத் தெரிந்த மாணவருட் பலர் மற்றதன் முகத்தை ஒருநாளும் கண்டதில்லை. இருமனை கட்டியும் ஒருமனையிலேயே விளக்கேற்றிய கதையாயிற்று. ஒன்றன் உள்ளே ஒன்று இயங்குமாயின் அக்குறை நீங்கும். ஒரு சாளரத்தில் ஒன்றும், அடுத்ததில் மற்றொன்றும் நிற்கும்.

ஆனால் நான்கு கிகாபைட் நினைவகமுள்ள பழம்பெட்டி ஒவ்வொன்றிலும் இரண்டு இயங்குதளங்களை ஏற்றலாம் என்று கருதுவார் ஏமாறுவர். விண்டோஸ் 11 தனக்கே குறைந்தது நான்கு கிகாபைட் கேட்கும். ஆகவே யாம் விரும்புவது இதுவே: நல்ல வலிமையுள்ள புரவன் கணிப்பொறி ஒன்று வாங்குதல், அதில் வேண்டும்போது விண்டோஸ் விருந்தினரை எழுப்புதல், பழைய பெட்டிகளில் லினக்ஸ் நிறுவி, உலாவி வழியாக அவ்விருந்தினரைக் காணுதல். அறுபத்துநான்கு கிகாபைட் உள்ள புரவன், தனக்குரியதை ஒதுக்கியபின், பத்துப் பேர்க்கு ஒருங்கே சோறிடும். நாற்பது மாணவருள் விண்டோஸே வேண்டுவோர் ஒரு நேரத்தில் பதின்மரைக் கடப்பது அரிது; மற்றையோர்க்கு லினக்ஸ் போதும். படம் வரையும் பொறியியல் மென்பொருளுக்கும் திரைப்படத் தொகுப்புக்கும் இவ்வேற்பாடு உதவாது. அவற்றுக்கு வரைவியல் சில்லு நேரே வேண்டும். அத்தகையார்க்கு இரண்டு மூன்று புதிய கணிப்பொறிகளை வாங்குவதை யாம் தடுக்கவில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். விண்டோஸைக் கொள்கலத்துள் வைத்தமையால் அதன் விலை தள்ளுபடியாகிவிடவில்லை. விருந்தினராயினும் ஒவ்வொரு விண்டோஸுக்கும் உரிமம் வேண்டும். புரவனிற் கிடக்கும் விண்டோஸை வேறு பொறியினின்று காண்பதற்கு அதற்கென வேறு உரிமமும் மைக்ரோசாப்ட் கேட்கின்றது. பெட்டியோடு சேர்த்து விற்ற உரிமம் பொதுவாக அப்பெட்டியோடே ஒட்டியது. படியெடுத்த வட்டோடு அது புறப்பட்டு வாராது. எம் பட்டறை மாணவரிடம் இதனைக் கேட்டபோது, தாம் தனியே விலைகொடுத்து வாங்கிய உரிமத்தை அலமாரியினின்று எடுத்துக் காட்டினார், மகிழ்ந்தோம். பயிற்சிக்கெனத் தொண்ணூறு நாள் இயங்கும் மாதிரிப் பதிப்பை மைக்ரோசாப்ட் விலையின்றித் தருகின்றது. மாணவர் கற்பதற்கு அது சாலும். கல்லூரி அலுவலகத்தின் கணக்கை அதன்மேல் ஏற்றுதல் முறையன்று. நமது உடன்படிக்கையில் என்னென்ன அடங்கும் என்பதை வாங்குவதற்கு முன்னரே எழுத்தாற் கேட்டறிதல் அலுவலகத்தார் கடமை.

இதனினும் பெரியது காப்பு. 2017 மே 12-ஆம் நாள் வான்னகிரை என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பியனுப்பின. பிரான்சில் ரெனோ ஆலைகள் நின்றன. படப்பைக்கு மேற்கே, அந்நாளில் ரெனோவும் நிஸ்ஸானும் கூடி நடத்திய ஒரகடத்து ஆலையும் அதனால் இடருற்றதெனச் செய்தித்தாள்கள் எழுதின. உடனே எல்லோரும் எக்ஸ்பியைப் பழித்தனர். பின்னர்க் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் கணக்கிட்டபோது, தாக்குண்டவற்றுள் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7 என்று தெரிந்தது. அதற்குரிய திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14-ஆம் நாளே, அஃதாவது இரண்டு திங்களுக்கு முன்னரே, வெளியிட்டிருந்தது. இட்ட மருந்தை உண்ணாதவரே பெரிதும் வீழ்ந்தனர்.

எக்ஸ்பிக்கோ முறையாக மருந்து வருவது நின்றுவிட்டது. ஆகவே அதனை வைத்திருப்பார் வலைப்பின்னலினின்று முற்றும் அறுத்துவைத்தல் வேண்டும். கொள்கலத்தின் ஒரு நன்மை ஈண்டுப் பயன்படும். வலைக்கம்பியைப் பிடுங்குவதுபோல், உரைக்கோப்பில் ஒரு வரியால் விருந்தினரின் வலைவாயிலை அடைத்துவிடலாம். அங்ஙனம் அடைத்தபின்னும் அச்சமற்றிருத்தல் தகாது. 2015-இல் கியூஎமுவின் உள்ளே, மெல்வட்டு இயக்கியைப் போலி செய்யும் பகுதியில், ஒரு பெரும்பிழை வெளிப்பட்டது. 2004-இலிருந்து யாரும் காணாது கிடந்த பிழை அது. உள்ளிருப்பவன் வீட்டுச்சுவரைத் துளைத்து வெளியே வர அது இடந்தந்தது. மெல்வட்டு வழக்கொழிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆனபின், அதன் பாவனையே வாயிலாயிற்று. 2019 பிப்ரவரியிலோ டாக்கர் முதலியன பயன்படுத்தும் ரன்சி என்னும் கருவியில் ஒரு பிழை தோன்றி, வேலியையும் தாண்டலாம் என்று காட்டியது. இரண்டும் திருத்தப்பட்டுவிட்டன. ஆயினும் விருந்தினர்க்காகக் கேவிஎம் வாயிலைத் திறந்துவிடும் புரவனை வாரந்தோறும் புதுப்பித்தல் வேண்டும் என்பதும், வேலி மதிலாகிவிடாது என்பதும் மாணவர் மனத்திற் பதியவேண்டியவை.

நம்முள் மூத்த ஆசிரியர் ஒருவர் இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, "ஓர் இயங்குதளத்தையே செவ்வையாய் அறியாதவனுக்கு ஒன்றனுள் ஒன்றைக் காட்டினால் மயங்குவானே, ஐயா" என்றார். அவர் கூற்றில் உண்மையுண்டு. முதலாண்டு மாணவர்க்கு இது வேண்டுவதன்று. ஆயினும் இறுதியாண்டில், ஓர் இயங்குதளத்தை அச்சமின்றிக் கெடுத்துப் பார்க்கவும், கெடுத்ததை ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்கு மீட்கவும் இதனினும் நல்ல பயிற்சிக்களம் எமக்குத் தெரியவில்லை. ஆலையில் முதல் நாளே பழைய பொறியின்முன் நிறுத்தப்படும் மாணவர்க்கு, கெடுத்துக் கற்ற அநுபவம் இருத்தலும் இல்லாமையும் பெரிதும் வேறு. தொடங்கும் நாளில் எதுவும் இயங்காதது கண்டு சோர்தல் வேண்டா. பல கணிப்பொறிகளில் சில்லின் இவ்வசதி பயாஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கும். யாமும் ஒரு மாலைப்பொழுது முழுதும் அதனை அறியாது வருந்தினோம்.

இறுதியாக, இவ்விதழைப் பற்றியே ஒன்று சொல்லவேண்டும். உண்மையில் இக்கட்டுரை எழுதத் தூண்டியதும் அதுவே. எம் ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதி, ஈயவெழுத்துக் கோத்த காலத்திற்குப் பின், நெடுநாள் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளில் அமைக்கப்பட்டது. அதன் இறுதிப் பதிப்பாகிய 7.0 வெளிவந்தது 2001-இல். அடோபி நிறுவனம் சில ஆண்டுகளில் அதனைக் கைவிட்டது. விஸ்டாவிலும் அதற்குப் பிந்திய விண்டோஸிலும் அஃது இயங்கும் என்பதற்கு அந்நிறுவனம் பொறுப்பேற்கவில்லை. அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்களோ யூனிகோடு முறையில் அமைந்தனவல்ல; ஒவ்வோர் அச்சகத்தாரும் ஒவ்வொரு குறியீட்டை ஆண்டனர். 2010-இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றபின்னரே அக்குழப்பம் படிப்படியாகக் குறைந்தது. அதற்கு முந்திய கோப்பை இன்று திறந்தால், உரிய எழுத்துரு இல்லாதபோது, தமிழ் முழுதும் பொருளற்ற உரோம எழுத்தாகக் குவிந்து நிற்கும். நம் மாணவர் எழுதிய கவிதையும், ஆசிரியர் எழுதிய இரங்கலுரையும் அந்நிலையில் உள்ளன. அச்சுப்படிகள் நூலகத்தில் இருக்கின்றன என்பது உண்மையே. சில ஆண்டின் படிகளில் கரையான் நமக்கு முன்னரே வாசகர் ஆகிவிட்டது.

சென்ற மாதம் பட்டறை மாணவர் வந்து, கல்லூரிக் கணிப்பொறியொன்றில் வலைவாயில் அடைத்த எக்ஸ்பி விருந்தினர் ஒருவரை அமர்த்திக் கொடுத்தார். உரிமத்தையும் பேஜ்மேக்கர் பழந்தட்டையும் நூலக அலமாரியிற் கண்டெடுத்தோம். அதில் ஒரு பழைய மலரைத் திறந்தோம். தமிழ் தமிழாகவே தோன்றியது. எழுத்துருவின் குறியீட்டை அறிந்து யூனிகோடாக மாற்றும் நிரலைக் கணிப்பொறித்துறை மாணவர் இருவர் எழுதி வருகின்றனர். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதால் 'ஒ'கர 'ஓ'கர எழுத்துக்கள் இன்னும் தொல்லை தருகின்றன. மூன்று மலர்கள் முடிந்தன. மூன்று எழுத்துருக்கள் இன்னும் அகப்படவில்லை.

பழைய மாணவருள் மலர்க்குழுவிற் பணியாற்றியோர், வீட்டுப் பரணில் மெல்வட்டும் குறுந்தட்டும் வைத்திருப்பின், அவற்றைத் துடைத்தோ வெயிலில் உலர்த்தியோ பாராது, இருந்தபடியே தமிழ்த்துறைக்கு அனுப்பியுதவுக. உறையின்மேல் ஆண்டையும், நினைவிருப்பின் எழுத்துருவின் பெயரையும் குறித்தல் நலம். மெல்வட்டைப் படிக்கும் கருவி கல்லூரியில் ஒன்றே எஞ்சியிருக்கின்றது. அதுவும் முற்பகலில், பொறி சூடேறுமுன், இரண்டொன்றைத்தான் படிக்கின்றது.